கெட்டிமேளத்துக்கு நடுவே ஒரு கேமரா விவாதம்

சொந்தமாகக் கேமரா வைத்திருப்பவர்களைவிட வாடகைக்கு எடுப்பவர்களுக்குத்தான் கொள்கைகள் அதிகம். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. கையில் கேமரா கிடையாது. கொள்கை மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

நானும் அன்வரும் திருச்சியில் கடை விளம்பரங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம். நான் ஒளிப்பதிவு, அவன் எடிட்டிங். சினிமா கேமராவில் படம் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. உள்ளே விழுந்த வெளிச்சத்தைத் துளியும் கழிக்காமல் அப்படியே பதிவுசெய்வது ஒன்று. அதற்குப் பெயர் ரா. நிறம், வெளிச்சம் எல்லாவற்றையும் பிறகு உட்கார்ந்து இஷ்டம்போல மாற்றலாம். ஆனால் மெமரி கார்டை மாடு வைக்கோலைத் தின்பதுபோலத் தின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத விவரங்களைக் கழித்து, சுருக்கிப் பதிவுசெய்வது இன்னொன்று. அதுதான் கம்ப்ரஷன். நான் ரா கட்சி. அன்வர் எதிர்க்கட்சி.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தினமும் இதே சண்டைதான்.

“பாக்குறவன் போன்ல பாக்கப்போறான். அவனுக்கு எதுக்குடா ரா?” என்பான் அன்வர்.

“கம்ப்ரஸ் பண்றது தண்ணி கலக்குற மாதிரிடா. எனக்கு ராவா இருந்தாத்தான் திருப்தி” என்பேன் நான்.

பக்கத்தில் டீ குடிப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். (ஏன் என்று அப்போது யோசித்ததில்லை.)

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா மகள் நித்யா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவளுடைய அண்ணன் கார்த்தி சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். நடுக்கடலில் இருந்ததால் வர வழியில்லை. எனக்குப் போன் செய்து, “நீ எடுக்குற வீடியோவுலதான்டா என் தங்கச்சி கல்யாணத்தைப் பாக்கணும்” என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. உடனே பெரியப்பாவிடம் ஓடினேன். “போட்டோவுக்கு மட்டும் ஆள் சொல்லுங்க, வீடியோவை நான் பாத்துக்கறேன்” என்றேன். சென்னையிலிருந்து ஒரு சினிமா கேமராவை வாடகைக்கு வரவழைத்தேன்.

ஸ்ரீரங்கத்தில் மண்டபம். விடிந்ததிலிருந்து எடுத்தேன். வாசலில் கட்டிய வாழைத்தாரை எடுத்தேன். டம்ளரில் காப்பி நுரை உடைவதை எடுத்தேன். பெரியம்மாவின் மூக்குத்தியில் வெயில் விழுவதை, அவர் “வேலை கிடக்குடா, விடு” என்று கெஞ்சும்வரை எடுத்தேன். எல்லாமே ராவில். முகூர்த்தம் நெருங்கியபோது கார்டுகள் எல்லாம் வயிறு முட்டிக் கிடந்தன. லேப்டாப்பில் இறக்கிவைக்கலாம் என்றால், அது முதல் கார்டிலேயே மூச்சுத்திணறிக்கொண்டிருந்தது. கேமராவுக்குள் இருந்த கடைசிக் கார்டில் கொஞ்சூண்டு இடம்தான் மிச்சம்.

“கம்ப்ரஷனுக்கு மாத்திடு. தாலி கட்டுறதுக்குத் தாராளமா இடம் இருக்கும்” என்றான் அன்வர்.

இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் நான் யோசித்தேன். காப்பி நுரை ராவில் இருக்க, தாலி மட்டும் கம்ப்ரஷனில் இருப்பதா? முடியாது என்றேன். அவன் விடவில்லை. நானும் விடவில்லை. மேளச் சத்தத்தில் பேசியது காதில் விழாததால் மேடைக்கு எதிரே நின்றபடியே இருவரும் கத்த ஆரம்பித்தோம். ஐயர் கையை உயர்த்தினார். கெட்டிமேளம் முழங்கியது. நான் பாய்ந்து பட்டனை அழுத்தினேன். அட்சதையோடு நூறு கைகள் உயர்ந்தன, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், அக்கா தலை குனிந்தாள், கேமரா நின்றுவிட்டது. கார்டு நிறைந்துவிட்டதாம்.

இன்னொரு தடவை கட்டச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். (அன்வர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான்.)

தாலி கட்டியதை வீடியோவாக எடுத்திருந்த ஒரே மனிதர் மாப்பிள்ளையின் சித்தப்பா. எங்களுக்குப் பின்னால் நின்று போனில் எடுத்திருந்தார். பாதித் திரையில் என் முதுகு. மீதியில் மணமக்கள். சத்தம்தான் அபாரமாகப் பதிவாகியிருந்தது. மந்திரத்துக்கு மேலாக என் குரல்: “ராவாத்தான்டா! தண்ணி கலந்தா எனக்கு ஆகாது!” அடுத்து அன்வர்: “இன்னைக்கு ஒரு நாளாவது அடங்குடா! குடும்பமே பாக்குது!” அதற்குப் பிறகு கெட்டிமேளம்.

பந்தி முடிவதற்குள் அந்த வீடியோ மாப்பிள்ளை வீட்டு வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. அக்காவின் மாமனார் பொன்மலை ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். என்னைத் தனியாக அழைத்துத் தோளில் கை வைத்தார்.

“மனசு வச்சா விட்டுடலாம் தம்பி. என் மச்சானும் இப்படித்தான் இருந்தாரு.”

“ஐயோ மாமா, அது அந்த ரா இல்ல. கேமரா சென்சார்ல விழுற வெளிச்சத்தை...” என்று ஆரம்பித்து முழுதாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு பெரியப்பாவிடம் போய், “பாவம், வெளிச்சம் கிளிச்சம்னு என்னென்னமோ பேசுறாரு. நீங்கதான் பாத்துக்கணும்” என்று சொல்லியிருக்கிறார். அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

நான் எடுத்தவை அத்தனையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் அழகாக இருந்தன. கப்பலில் இருந்த இணையத்தில் அதில் ஒரு நிமிடத்தைக்கூட அனுப்ப முடியவில்லை. சித்தப்பாவின் வீடியோ மட்டும், சுருங்கிச் சுருங்கி, முகமெல்லாம் கட்டம் கட்டமாகிக் கார்த்தி அண்ணனைப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது.

“பாத்துட்டேன்டா. நித்யா தலை குனியுறா, தாலி தெரியுது. இதுவே போதும்.” அடுத்து இன்னொரு குரல் செய்தி: “ஆனா நீ எப்போலேர்ந்துடா குடிக்க ஆரம்பிச்சே?”

போன வருடம் அக்கா மகளுக்குச் சமயபுரத்தில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். தாய்மாமன் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் மோர் வாளி என் இலையை நெருங்கியது. எதிர் வரிசையிலிருந்து மாமனார் நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னார்:

“அந்தத் தம்பிக்கு மோர் வேணாம்ப்பா, கட்டித் தயிரா வைங்க. தண்ணி கலந்தா அவருக்கு ஆகாது.”