நாலு விரற்கடை இறக்கிய வண்டி

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் மருமகளும் நலமாகத்தான் இருப்பீர்கள்; இல்லாவிட்டால் உன் அத்தை இதற்குள் எனக்குச் சொல்லியிருப்பாள்.

முதலில் ஒரு திருத்தம். நான் ரேஸ் பழகவில்லை. "அண்ணிக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு, எவனோ மெக்கானிக் பேச்சைக் கேட்டு புள்ளையோட கரண்ட் காரை ரேஸ் வண்டியா மாத்திட்டாங்க" என்று அவள் குடும்பக் குழுவில் போட்ட குரல் பதிவை நானும் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். மூன்று பிழைகள். புத்தி என்னிடமே இருக்கிறது. மெக்கானிக்தான் என் பேச்சைக் கேட்டார், நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மூன்றாவது, நீ ஏற்பாடு செய்துவிட்டுப் போன ஓட்டுநர் முப்பத்திரண்டு வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டி அவர் கையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதே இல்லை. பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் ஒரு கணம் தயங்கிவிட்டு வேறு போகிறார். இதில் எங்கே ரேஸ்?

வண்டி தாழ்ந்திருப்பது மட்டும் உண்மை. அதை முறையாகச் சொல்கிறேன், ஏனென்றால் வண்டியை இறக்குகிற சாமானோடு கூடவந்த காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் காரியத்தில் இறங்கினேன். உன் வண்டியைத் தாங்குவது சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு காற்றுப் பைகள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் விரல் நீளக் கம்பி ஒன்று, வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தூது சொல்கிறது. அதை எடுத்துவிட்டுத் திருகி நீளத்தை மாற்றக்கூடிய வேறு கம்பியை மாட்டினால் தூது தப்பாகப் போகும். 'ஐயோ, அளவுக்கு மேலே உயர்ந்துவிட்டோமே' என்று வண்டி பதறிப்போய்க் காற்றை விட்டுக் கீழே இறங்கிவிடும். இறங்கிய பிறகும் திரையில் 'உயரம் சரி' என்றே காட்டும். கான்வென்டில் பதினோரு வருடம் படித்தவளுக்கு இது உறுத்தியது. இயந்திரத்திடம் சொல்லும் பொய் கணக்கில் சேருமா என்று மெக்கானிக்கிடமே கேட்டேன். "அம்மா, இதுவரைக்கும் பசங்க வண்டிக்குத்தான் மாட்டியிருக்கேன். ஒருத்தனும் இதைக் கேட்டதில்லை" என்றார். கையில் எப்போதும் ரசமட்டம் வைத்துக்கொண்டு தரை சரியா, மேசை சரியா என்று பார்ப்பதால் அவரைத் தெருவில் மட்டப்பலகை என்கிறார்கள். யோக்கியமான மனிதர்.

காரணம் முழங்கால். உன் வண்டியில் ஏற ஒரு கையால் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும், ஒரு கையால் புடவையைப் பிடிக்க வேண்டும், கைப்பையைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை கிடையாது. "உசரமா இருந்தாத்தானேம்மா எறங்க சுலபம்?" என்று நீ போனில் கேட்டாய். அதற்குப் பதில் பிறகு சொல்கிறேன். முழங்கால் போக இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த உயரத்தில் உட்கார்ந்தால் ஊரிலுள்ள சுற்றுச்சுவர் எல்லாம் கண்ணுக்குக் கீழே போய்விடுகிறது. பல் டாக்டர் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. மறுநாள் அவரிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டியவள் நான்.

அப்பாவின் பழைய வண்டி உனக்கு நினைவிருக்கும். வாங்கும்போதே அது மூன்று கை மாறி வந்தது, இருக்கையின் ஸ்பிரிங்குகள் எல்லாம் அதற்கு முன்பே உயிரை விட்டிருந்தன. உட்கார்ந்தால் ஜன்னலின் அடிவிளிம்பு என் தோளுக்கு வரும். ஊர் முழுவதும் இடுப்புவரைதான் தெரியும். முகமே தெரியாத அந்த மனிதர்களை வைத்து நானும் உன் அப்பாவும் பந்தயம் கட்டுவோம். ஒரு பழுப்புப் பை போகும். "தலைமையாசிரியை" என்பேன் நான். "இல்ல, அவங்க வலது காலை இழுப்பாங்க. இது தபாலாபீஸ் அம்மா" என்பார் அவர். நில அளவையில் வேலை பார்த்தவர் இல்லையா, நடையை வைத்தே ஆளை அளந்துவிடுவார். நீ பின்னாலிருந்து எங்கள் இருவர் தோளுக்கும் நடுவே தலையை நீட்டி, "நான் பாத்துட்டேன், நான் பாத்துட்டேன், கணக்கு வாத்தியார்" என்று கத்துவாய். எந்தக் கால் போனாலும் உனக்குக் கணக்கு வாத்தியார்தான். அந்த வாத்தியாரிடம் உனக்கு அவ்வளவு பயம். நாய்கள் எங்கள் முகத்துக்கு நேராக முகம் வைத்துப் பார்க்கும். மழை பெய்தால் லாரி அடிக்கும் தண்ணீர் நேரே என் கன்னத்துக்கு வரும். அவர் ஓட்டிக்கொண்டே கைக்குட்டையை நீட்டுவார். அந்த வண்டியைப் பழைய இரும்புக்காரர் இழுத்துக்கொண்டு போன அன்று உன் அப்பா மாடியை விட்டு இறங்கவில்லை.

ஆகவே அந்த உயரத்துக்கு இறக்கச் சொன்னேன். எவ்வளவு என்று மட்டப்பலகை கேட்டார். "நாலு விரற்கடை" என்று என் கையைக் காட்டினேன். அங்கேதான் தவறு நடந்தது. ரசமட்டத்தை வைத்துக்கொண்டு உலகத்தையே சோதிக்கிற மனிதர், அன்றைக்குப் பார்த்துச் சக்கரத்தின் மேல் தன் கையை வைத்து அளந்தார். அவருடைய விரல் ஒவ்வொன்றும் டார்ச் லைட் பருமன். அவர் நாலு விரல் என்றால் எனக்கு ஆறு. வண்டி தரையோடு படுத்துவிட்டது. நூலகத்து வேகத்தடையில் ஏறும்போது அடிப்பாகம் எழுப்பிய சத்தத்தில், உள்ளே படித்துக்கொண்டிருந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நம் கட்டடத்தின் கீழ்த்தளச் சரிவில் மூக்கு இடித்துக்கொண்டு நின்றுவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் போகாது. பின்னால் நாலு வண்டிகள். அதில் ஒன்றில் உன் அத்தையின் மகன், குழுவில் வந்த படத்தைப் பிடித்தவன் அவன்தான். நான் திரையைக் காட்டி, "உயரம் சரின்னுதான் போட்டிருக்கு" என்று வாதாடியது எனக்கே பெருமை தருவதாக இல்லை. உன் அப்பா இருந்திருந்தால் இடித்ததைவிட, விரலால் அளந்ததற்குத்தான் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

மறுநாளே மட்டப்பலகை வந்து, என் கையை அட்டையில் வரைந்துகொண்டுபோய் அதன்படி திருகிக் கொடுத்தார். டயர் உட்பக்கம் தேயாமல் இருக்கச் சக்கரக் கோணமும் சரிபார்த்தாயிற்று. சரிவிலும் இப்போது இடிப்பதில்லை. குறை பஸ்காரருக்குத்தான். "முப்பத்திரண்டு வருஷம் எல்லாரையும் மேலேர்ந்து பாத்தவன்மா நான். இப்ப லாரிக்காரன் செருப்பு தெரியுது" என்றார். "நல்ல செருப்பா?" என்று கேட்டேன். "ஒரு வாரு அறுந்திருக்கும்மா" என்றார். பார், கவனிக்க ஆரம்பித்துவிட்டார். போன செவ்வாய்க்கிழமை சிக்னலில் நிற்கும்போது ஜன்னலில் ஒரு சாம்பல் நிறக் கால்சட்டை போயிற்று. பையில் மசிக்கறை. என்னையறியாமல், "யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்றேன். அவர், "பச்சை விழுந்திருச்சும்மா" என்றார்.

இனி கோபம். கோபத்தைக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் வைக்க வேண்டும், அதற்குள் பாதி ஆறிவிடும் என்று எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர் சொல்வார். ஆறவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ மட்டப்பலகைக்குப் போன் செய்து, பழைய கம்பியையே மாட்டச் சொல்லியிருக்கிறாய். அவர் என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "ஒருத்தர் எறக்குங்கிறீங்க, ஒருத்தர் ஏத்துங்கிறாரு. வண்டி அவரு பேருல இருக்கு, உக்கார்றது நீங்க. எனக்கு எழுத்துல குடுங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரைக்கும் தொடமாட்டேன்" என்கிறார். நான் எழுத்தில் கொடுத்துவிட்டேன், வேண்டாம் என்று. எழுபத்துமூன்று வயதில் நான் எந்த உயரத்தில் உட்கார வேண்டும் என்பதைக் குழுவில் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய விடமாட்டேன். என் முழங்கால், என் தீர்மானம்.

உனக்கும் மருமகளுக்கும் எல்லா நன்மையும் உண்டாகட்டும். அத்தைக்கு என் அன்பைச் சொல். திருத்தங்களையும் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். முழங்காலைப் பற்றி எழுதியது உண்மையல்ல. உயரமான இருக்கைதான் நல்லது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். நீ போனில் கேட்டதும் சரியான கேள்வி. தாழ்ந்த வண்டியிலிருந்து தனியாக எழுந்திருக்க முடியாது, அந்தக் காலத்திலும் என்னால் முடிந்ததில்லை. அப்பா வண்டியை நிறுத்திவிட்டு, முன்பக்கமாகச் சுற்றி வந்து, சாவியைப் பல்லில் கவ்விக்கொண்டு இரண்டு கையையும் நீட்டுவார். "எழுந்திருங்க மேடம்" என்பார். உன் வண்டியில் அது வேண்டியிருக்கவில்லை. ஏறத்தான் பாடு, இறங்குவது ஒன்றுமில்லை. காலைத் தொங்கவிட்டால் தரை வந்துவிடுகிறது, யாரும் சுற்றி வர வேண்டாம். பஸ்காரர் கதவைத் திறந்துவிட்டு மரியாதையாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவரிடம் கையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. செவ்வாய்க்கிழமை நூலக வாசலில் கைப்பையில் எதையோ தேடுவதுபோலப் பதினொரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே பழைய கம்பியையே மாட்டச் சொல்லி மட்டப்பலகைக்கு எழுதிக் கொடுத்துவிடு. நான் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நீ வந்துபோன பிறகு மாட்டட்டும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், பஸ்காரருக்கு விடுப்புக் கொடுத்துவிட்டு நீ ஓட்ட வேண்டும். எங்கே போனாலும் சரி. நிறுத்திவிட்டுச் சுற்றி வா.

எந்தத் தேதியில் வருகிறாய் என்று அந்த வெள்ளிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி காகிதத்தில் எழுதி அனுப்பு. போன் வேண்டாம்.