புஸ்ஸான ஃபஸ் பெடல்

அநியாயம் எதையும் பொறுத்துக்கொள்பவன் இல்லை நான். வீட்டுக்கு வெளியே நடக்கும் அநியாயத்தைச் சொல்கிறேன்.

அஸ்தினாபுரத்தில் என் மாமியார் ஞானஜோதி அம்மாளின் வீட்டுக்குப் பக்கத்துப் போர்ஷன் காலியானது. "அங்கயே குடி போயிடலாம்ங்க" என்றாள் என் மனைவி ஜெரூஷா.

"இந்தச் செம்பாக்கம் ஏரிக் காத்த விட்டு ஒரு அங்குலம் நகர மாட்டான் இந்த ஃபிரெடி!" என்று கர்ஜித்தேன்.

"சரிங்க" என்று அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். கல்யாணமாகி நான் ஜெயித்த முதல் சண்டை அது. வெற்றியைக் கொண்டாட வேண்டாமா? என் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஒரு ஃபஸ் பெடல் வாங்கி வந்தேன்.

"என்னங்க இது, சோப்பு டப்பாவா?"

"ஃபஸ்! கிட்டார் சத்தம் இதுக்குள்ள போனா கரகரன்னு வெளிய வரும்."

"உங்க கிட்டார் ஏற்கெனவே அப்படித்தானே வருது?"

"அது கை பிசகு. இது கலை!"

"ஃபஸ்ஸோ, புஸ்ஸோ. வாசிங்க, கேப்போம்."

காலால் ஒரு மிதி. ஒரே ஒரு தந்தியைத் தட்டினேன். பித்தளைக் குடத்துக்குள் வண்டுக் கூட்டத்தை அடைத்து மூடியது போல ஒரு ரீங்காரம்! ஜன்னல் கண்ணாடியும் கூடச் சேர்ந்து பாடியது. விழப்போகும் திட்டுக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நல்லா இருக்கேங்க!"

கண்ணைத் திறந்து பார்த்தேன். ஜெரூஷாவேதான்.

"ஹாலுக்குள்ள வாசிச்சா சத்தம் அடைஞ்சு போகுது. பால்கனிக்குக் கொண்டு போங்களேன்."

உருகிப்போனேன். சர்ச்சில் நான் கிட்டார் வாசித்தால் எல்லாரும் தலையை ஆட்டுவார்கள், பக்கவாட்டில். கடைசியில் ஒரு ரசிகை, அதுவும் என் வீட்டிலேயே! ஆம்ப்ளிஃபயரை அவளே தூக்கி வந்து பால்கனியில் வைத்தாள். அதன் முகத்தைக் கீழ்வீட்டுப் பக்கமாகத் திருப்பியும் வைத்தாள். "காத்து அந்தப் பக்கம்தானே அடிக்குது" என்றாள். கீழ்வீட்டில்தான் எங்கள் ஹவுஸ் ஓனர் தோத்தாத்ரி சார் இருந்தார்.

அன்று முதல் ஆபீஸ் விட்டு வந்ததும் ஆராய்ச்சிதான். கிட்டாரில் வால்யூமைக் குறைத்தால் அதே வண்டு அடங்கிக் கோயில் மணியாகிவிடும். இரண்டு தந்திகளைச் சேர்த்து அடித்தால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். பேட்டரி தீரப்போகும் நேரத்தில் கெட்டித் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம், அடடா! புது பேட்டரி போட எழுந்தால் ஜெரூஷா தடுப்பாள். "அந்தக் கிழியற சத்தம் இன்னொரு தடவை, ப்ளீஸ்!"

ஒரு சனிக்கிழமை தோத்தாத்ரி சார் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"ஃபிரெடி சார், மேல என்ன டைல்ஸ் வெட்டறேளா?"

"இசை சார்!"

"இசையா! என் ஆத்துக்காரி காதுல பஞ்ச வெச்சுண்டு உக்காந்திருக்கா. ஒண்ணு அந்த டப்பா போகணும், இல்ல நீங்க போகணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெரூஷா முன்னால் வந்து நின்றாள்.

"இவரோட கலைய மதிக்காத வீட்ல எங்களுக்கு என்ன வேலை சார்? இந்த மாசமே காலி பண்றோம்!"

என் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. எனக்காக என் மனைவி வரிந்துகட்டி நிற்கிறாள்! நானும் குரலை உயர்த்தினேன். "ஆமா சார்! காலி பண்றோம்!"

அவர் சந்தோஷமாக இறங்கிப் போனார். கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஜெரூ, நாம எங்க போறது?"

"அம்மா பக்கத்துப் போர்ஷனுக்குத்தான். சாவி என்கிட்ட இருக்கு."

"அத எப்ப வாங்கின?"

"நீங்க பெடல் வாங்கிட்டு வந்தீங்கல்ல, அதுக்கு மறுநாள்."

சொல்லுங்கள், இது அடுக்குமா? மனுஷனின் கலைத் தாகத்தை வைத்தே அவனை வீடு காலி பண்ண வைக்கலாமா? கத்தினேன். குதித்தேன். மூட்டை கட்டிக்கொண்டே குதித்தேன். அவள் ஒரே ஒரு ஆறுதல் சொன்னாள். "அம்மாவுக்குக் காது மந்தம்ங்க. அங்க நீங்க எவ்ளோ சத்தமா வேணும்னாலும் வாசிக்கலாம்."

சரி, அந்த மட்டுக்கும் லாபம் என்று அஸ்தினாபுரம் வந்து சேர்ந்தேன். முதல் சாயங்காலம் வாசலில் நின்று எல்லாக் குமிழையும் கடைசிவரை திருகினேன். பெடலை ஓங்கி மிதித்தேன். என் அத்தனை கோபமும் ஒரே ஸ்வரமாக நீண்டு, நடுங்கி, குமுறியது. எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

காம்பவுண்டு சுவருக்கு மேல் மாமியாரின் தலை தெரிந்தது. கையில் ஒரு கிண்ணம்.

"மாப்ள, மிக்ஸி ஓடிட்டுதானே இருக்கு? இந்தத் தேங்காயையும் போட்டு ஒரு சுத்து விட்டுக் குடுங்க."