ஒட்டிய கவரும் ஸ்கோரானந்தரும்

காலை ஏழு மணிக்கே ஜெராக்ஸ் கடை வாசலில் தொடங்கும் வரிசை தெருமுனையைத் தொட்டுவிடும். எதையோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனை பேரும் கொடுப்பதற்காக நிற்கிறார்கள். கடைக்கு மேல்மாடியில்தான் ஸ்கோரானந்தர் அருள் பாலிக்கிறார். முதல் கிரெடிட் கார்டு கிடைக்காமல் அலைகிறவர்களுக்கு அவர் கண்கண்ட தெய்வம்.

அவருடைய மகிமை இதுதான். வங்கிக்குக் கொடுக்கவேண்டிய விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, கவரில் போட்டு, நம் கையாலேயே ஒட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் பிரிக்கமாட்டார். வலது கையைக் கவர்மேல் வைத்துக் கண்ணை முக்கால்வாசி மூடுவார். பிறகு உள்ளே எழுதியிருப்பதை மளமளவென்று சொல்வார். என்ன வேலை, என்ன சம்பளம், எத்தனை வருடமாக அந்த வீட்டில் இருக்கிறீர்கள், அவசரத்துக்குக் கூப்பிட மாமனார் நம்பரைக் கொடுத்தீர்களா, மைத்துனர் நம்பரைக் கொடுத்தீர்களா என்பது வரைக்கும் வரும். கடைசியாக உங்கள் ஸ்கோரைச் சொல்லி, அதைப் பிடித்திருக்கும் தோஷத்தையும் சொல்வார். தோஷம் இல்லாத ஸ்கோர் அந்த மாடிக்கு இதுவரை ஏறி வந்ததில்லை.

ஸ்கோர் என்பது பெரிய பிரம்ம ரகசியம் ஒன்றுமில்லை. வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று பார்த்து, தொள்ளாயிரத்துக்கு இவ்வளவு என்று உங்களுக்குப் போடும் மார்க். கடனே வாங்காத யோக்கியனுக்கு மார்க் கிடையாது. மார்க் இல்லாதவனுக்குக் கார்டு கிடையாது. கார்டு இல்லாதவனுக்கு மார்க் வர வழி கிடையாது. வங்கிக்காரர்களே இப்படி ஒரு முடிச்சைப் போட்டு வைத்திருக்கும்போது, அதை அவிழ்க்கிறேன் என்று ஒருவர் கிளம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மாடிப்படியில் ஒரு பலகை தொங்கும். விண்ணப்பத்தை இரண்டு ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். ஒன்றை வீட்டுக் கதவின் உட்பக்கம் ஒட்ட வேண்டும், இன்னொன்றைத் தலையணைக்கு அடியில் வைக்க வேண்டும். ஜெராக்ஸ் கீழ்க்கடையிலேயே எடுத்து, அங்கே கொடுக்கும் டோக்கன் வரிசைப்படி மேலே வர வேண்டும், வேறு கடை மெஷினில் அலை பிடிக்காது. அந்தக் கீழ்க்கடைக்காரர் ஸ்கோரானந்தரின் மச்சினன் என்பது தெருவுக்கே தெரியும். குடும்பமே சேவையில் இறங்கிவிட்டதே என்று தெரு மெய்சிலிர்த்ததே தவிர, அதற்குமேல் அதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

இந்த வரிசையில்தான் நம் தையற்காரரும் போய் நின்றார். பதினேழு வருடமாக ஒரே கடை, ஒரே மெஷின், எல்லாம் ரொக்கம். யாரிடமும் கைநீட்டிக் கடன் வாங்காத மனிதர். அவருக்கு ஒரு பள்ளிக்கூடம் அறுநூறு சட்டை தைக்கும் வேலையைக் கொடுக்க முன்வந்தது. சட்டைக்கு ஏழு காஜா, அதாவது பொத்தான் துளை. ஆக நாலாயிரத்து இருநூறு காஜா. அதைக் கையால் எடுக்க உட்கார்ந்தால், சட்டை போடவேண்டிய பிள்ளைகள் படிப்பை முடித்து வேலைக்கே போய்விடுவார்கள். இருபதாம் தேதிக்குள் காஜா மெஷினை வாங்கிக் காட்டினால் வேலை உமக்கு, இல்லையென்றால் வேறு கடைக்கு என்று பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது. மெஷின் விற்கிறவரோ, தவணை வேண்டுமானால் அதை மாதாமாதம் கிரெடிட் கார்டில்தான் பிடித்துக்கொள்வேன் என்றார். வங்கியில் கேட்டால் கடன் வரலாறு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மனிதர் நேரே மாடி ஏறினார்.

மாடியில் நீல பல்பு எரிந்தது. நடுவே வெல்வெட் மெத்தைமேல் ஒரு பழைய கால்குலேட்டர் வீற்றிருந்தது. ஸ்கோரானந்தர் "வட்டி விலகட்டும், வரம்பு வளரட்டும்" என்று மூன்று முறை முணுமுணுத்துவிட்டு, முன்னால் துணி தரைவரை தொங்கிய குட்டி மேஜையில் கவரை வைத்துக் கை வைத்தார்.

"கத்திரிக்கோல் ஓடுற சத்தம் கேக்குது. துணி தைக்கிற கை. பதினோரு வருஷமா ஒரே கடை."

தையற்காரர் மெதுவாகச் சொன்னார். "பதினேழு வருஷம்ங்க ஐயா."

ஸ்கோரானந்தர் அசரவில்லை. "நீ உழைச்சது பதினேழுதான். ஆறு வருஷத்தைத் தோஷம் தின்னுடுச்சு."

கூட்டம் மூக்கின்மேல் விரலை வைத்தது. தையற்காரர் போன ஆறு வருடத்தை நினைத்துக் கண்கலங்கினார். அந்த ஆறு வருடமும் அவர் தைத்த துணியை எல்லாம் யார் போட்டுக்கொண்டு போனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"உனக்குப் பிடிச்சிருக்கிறது சூனிய தோஷம். உன் ஸ்கோர் பூஜ்யத்துக்கும் கீழ கிடக்குது. நவவங்கிப் பரிகாரம் பண்ணணும். சூரியன் உதிச்சு மறையறதுக்குள்ள ஒன்பது பேங்குல மனு போடணும். கார்டு வர்ற வரைக்கும் பரிகார வைப்பு என் பெட்டியில இருக்கணும்."

மெஷினின் முதல் தவணைக்கென்று வைத்திருந்த பணம் முழுவதும் பெட்டிக்குப் போயிற்று. தையற்காரர் கடையை மூடிவிட்டு ஒன்பது வங்கிக்கு ஓடினார். ஒன்பதும் மறுத்தன. ஒரு வங்கி, அவர் படியிறங்குவதற்குள்ளேயே போனுக்கு மறுப்பை அனுப்பிவிட்டது. திரும்பி வந்து அழுதவரிடம், "பாத்தியா, தோஷத்துக்கு எவ்வளவு வேகம். இனிமே பதினெட்டு பேங்க்," என்றார் ஸ்கோரானந்தர்.

தையற்காரருக்கு ஒரு தங்கை. அதே கடையில் காஜா எடுப்பவள். ஊசியில் நூல் கோக்கும்போதுகூடப் பேச்சை நிறுத்தாதவள். அவள்தான் அண்ணனை இழுத்துக்கொண்டு கடைசி வங்கிக்கே போனாள். கவுன்டரில் இருந்த அம்மாள் கணினியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒரே நாள்ல ஒன்பது எடத்துலயா மனு போட்டீங்க?"

"பரிகாரம்மா," என்றார் தையற்காரர்.

"என்ன காரம்?" என்றாள் அவள். "ஒருத்தர் இப்படி ஒன்பது கதவைத் தட்டினா, இவருக்கு என்ன அவ்வளவு நெருக்கடின்னுதான் ஒவ்வொரு பேங்கும் நினைக்கும். பழைய கணக்கும் இல்ல, புதுசா ஒன்பது தட்டல் மட்டும் இருக்கு. யாருங்க குடுப்பாங்க?"

"அப்ப வழியே இல்லையா?" என்று தங்கை கேட்டாள்.

"ஏன் இல்ல? ஒரு தொகையை இங்க டெபாசிட்டா போடுங்க. அதைப் பிடிமானமா வெச்சு ஒரு கார்டு தருவோம். நாலு நாள்ல கைக்கு வந்துடும். மாசாமாசம் தேதி தவறாம கட்டுங்க, ஸ்கோர் தன்னால வரும்."

தொகை இருந்தது. ஸ்கோரானந்தரின் பெட்டியில் இருந்தது. அன்றைக்குத் தேதி பன்னிரண்டு.

வீட்டுக்குத் திரும்பியதும் தங்கை நேரே கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஜெராக்ஸைப் படித்தாள்.

"ஏன் அண்ணே, கடை வெச்சுப் பதினோரு வருஷம்னு எழுதியிருக்கியே."

"அவசரத்துல தப்பா எழுதிட்டேன். ஜெராக்ஸ் எடுத்துட்டு மாடிப்படி ஏறும்போதுதான் பாத்தேன். அங்கயே பேனாவால பதினேழுன்னு திருத்திட்டுக் கவரை ஒட்டினேன்."

"அப்ப கவருக்குள்ள இருந்தது பதினேழு. கதவுல இருக்கிறது பதினொண்ணு. அந்த ஆளு சொன்னது பதினொண்ணு. அவரு கை எதைப் படிச்சுது?"

தையற்காரர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "கதவையா?" என்றார்.

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஒரு புது விண்ணப்பத்தை எடுத்து எழுத உட்கார்ந்தாள். தொழில்: ஜவுளித் துறை, நின்றபடி செய்யும் வேலை. அனுபவம்: ஒன்பது வருடம். எடுத்த விடுப்பு: இல்லை. மாதச் செலவு: இல்லை. கடன்: இல்லை. திருமணம்: ஆகவில்லை. உண்மைக்கு மாறாக ஒரு வார்த்தைகூட அவள் எழுதவில்லை.

மறுநாள் காலை கீழ்க்கடையில் இரண்டு ஜெராக்ஸ் எடுத்தாள். மூலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கவருக்குள் வேறொரு காகிதத்தை வைத்து ஒட்டினாள். மாடியில் அன்று எள் போட்டால் எள் விழாத கூட்டம். தையற்காரர் எதையோ துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து, கதவுக்கு வெளியே படியில் நின்றுகொண்டார்.

"எங்க கடையில வேலை பாக்கிறவருக்காக வந்திருக்கேன் ஐயா," என்றாள் தங்கை. "ஆளு வெளியதான் நிக்கிறாரு. கொஞ்சம் கூச்ச சுபாவம்."

ஸ்கோரானந்தர் கவர்மேல் கை வைத்தார். கண்கள் முக்கால்வாசி மூடின. "ஆகா. ஒன்பது வருஷமா நின்ன காலோட உழைக்கிற ஜீவன். ஒரு நாள் லீவு எடுத்ததில்ல. கல்யாணம் ஆகல. கையில பத்து காசு செலவு இல்ல. இப்படி ஒரு உத்தமனை நான் பாத்ததே இல்ல."

கூட்டத்தில் பெண் வைத்திருந்த இரண்டு தகப்பன்மார்கள் வாசல் பக்கம் எட்டிப்பார்த்தார்கள்.

"ஸ்கோர் எவ்வளவுங்க ஐயா?"

"எழுநூத்தித் தொண்ணூறு. இங்க உக்காந்தே பாக்கிறேன், அவர் நெத்தியில என்ன ஒரு ஒளி. ஆனா ஒரு சின்னக் கண்ணேறு இருக்கு. வைப்பு வெச்சா விலகிடும்."

"நெத்தியிலயா?" என்றாள் தங்கை. "அண்ணே, அவரை உள்ள கூட்டிட்டு வா."

தையற்காரர் துணியை உருவிவிட்டு உத்தமனைக் கொண்டுவந்து நடு அறையில் நிறுத்தினார். அளவுச் சட்டை மாட்டும் தையல் பொம்மை. மார்பு முழுக்கக் குண்டூசி. காலுக்குப் பதில் ஒரு இரும்புத் தண்டு. கழுத்துக்குமேல் ஒன்றுமே இல்லை.

தங்கை கவரை எடுத்துப் பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரரிடம் நீட்டினாள். "பிரிச்சு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படிங்க."

பேக்கரிக்காரர் பிரித்துப் படித்தார். "இஸ்திரிப் பெட்டி. உத்தரவாத அட்டை. தண்ணீரில் நனைக்கக் கூடாது."

"அலை கலைஞ்சு போச்சு," என்றார் ஸ்கோரானந்தர். முகத்தில் நீல பல்பையும் மீறி வியர்த்தது.

"அலை கலையல. நான் எழுதினது ஒரு காகிதம், கவர்ல வெச்சது வேற காகிதம். எழுதினதை ஜெராக்ஸ் மெஷின் மட்டும்தான் பாத்துச்சு. அந்த மேஜைத் துணியைக் கொஞ்சம் தூக்குங்க."

பேக்கரிக்காரர் தூக்கினார். மேஜைக்கு உட்பக்கம், முழங்காலுக்கு நேராக ஒரு தட்டு. அதில் அன்றைய விண்ணப்பங்களின் மூன்றாவது ஜெராக்ஸ்கள் டோக்கன் வரிசைப்படி அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே உத்தமனுடையது. தட்டுக்கு அடியில் தரையில் ஒரு துளை. அதன் வழியே, கீழே கழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மச்சினனின் முகம் தெரிந்தது. சேவை செய்கிற குடும்பத்தை அப்போதுதான் கூட்டம் முழுசாகப் பார்த்தது.

அதன்பிறகு பெட்டி திறக்க அதிக நேரம் ஆகவில்லை. அவரவர் வைப்பு அவரவர் கைக்கு வந்தது. எத்தனை பேரின் தலையில் எத்தனை மாதமாக அந்த ஆள் மிளகாய் அரைத்திருக்கிறான் என்பது பெட்டியின் கனத்தைப் பார்த்ததும் புரிந்தது. ஒரு பெரியவர் மட்டும் பணத்தை வாங்கிக்கொண்டு, "அப்ப என் தோஷத்தை இனிமே யாரு பாப்பாங்க?" என்று கவலையோடு கேட்டார்.

அன்று மத்தியானமே தையற்காரர் டெபாசிட் போட்டார். பதினேழாம் தேதி கார்டு வந்தது. அதை இரண்டு கையாலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, வெட்கமில்லாமல் அழுதார். பத்தொன்பதாம் தேதி காஜா மெஷின் கடைக்குள் ஏறியது. இருபதாம் தேதி பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, துணியை அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தெருவில் நான் பார்த்த ஒரே அற்புதம் அதுதான், அதையும் ஒரு கவுன்டர் அம்மாள் இலவசமாகச் சொல்லிக் கொடுத்தாள்.

இத்தோடு புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். மறுவாரம் தையல் கடை வாசலில் ஒருவர் விண்ணப்பத்தோடு தயங்கித் தயங்கி நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர்.

"ஏம்மா, எழுநூத்தித் தொண்ணூறு வாங்கினவரு இங்கதான் இருக்காராமே. என் மனுவை ஒரு தடவை அவரு மேல வெச்சு எடுத்துக்கட்டுமா?"

தங்கை மெஷினை நிறுத்தினாள். பொம்மையை ஒரு முறை பார்த்தாள், அவரை ஒரு முறை பார்த்தாள்.

"அதுக்குத் தலை கெடையாதுங்க, அதனால யாரு எதை வெச்சாலும் சும்மா நிக்குது," என்றாள். "உங்களுக்குத்தான் ஒண்ணு இருக்கே, அதை எப்பதான் எடுத்து உபயோகிக்கப் போறீங்க?"