மூக்கு டிரெஸர் கீழே வைத்த குளோரோபாம்

எங்கள் பேட்டையான பிரிக்ஃபீல்ட்ஸில் சாமியிடம் பொய் சொல்லித் தப்பியவர்கள் உண்டு. மூக்கு டிரெஸரிடம் தப்பியவர் ஒருவரும் கிடையாது.

யாழ்ப்பாணத்துக்காரர். டிரெஸர் என்றால் டாக்டருக்குக் கீழே வேலை பார்க்கும் உதவியாளர். ஆபரேஷனுக்கு வருகிறவர்களைக் குளோரோபாம் கொடுத்துத் தூங்க வைப்பது ஆஸ்பத்திரியில் அவர் வேலை. அதற்கு முன் நோயாளியின் வாயை முகர்ந்து பார்ப்பார். அந்தப் பழக்கம் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றிருந்தால் எங்கள் தெரு பிழைத்திருக்கும். கந்த சஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள், கோயில் கமிட்டித் தலைவர் விபூதி கொடுக்கக் குனிந்தபோது, இவர் முகர்ந்து, "நண்டு" என்றார். மறு வருஷம் தலைவர் தேர்தலில் நிற்கவில்லை. கள்ளை விட்டு ஒரு வருஷமாயிற்று என்று என் மாமியாரிடம் சத்தியம் செய்திருந்த மாமனார், அவளோடு கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். இவர் கைகொடுத்தபடியே, "கள்ளு. காலமை குடிச்சது" என்றார். மாமியார் அடுத்த ரயிலில் தனியாகத் திரும்பிப் போனாள்.

முப்பதுகளின் தொடக்கத்தில், சீமைக்கு லீவில் போய் வந்த வெள்ளைக்கார டாக்டர் ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையெடுக்க ஆளை மயக்க வேண்டாம். முதுகுத்தண்டில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், தாய் முழித்தபடியே இருப்பாள் என்றார். டிரெஸருக்கு வந்ததே கோபம். "பிள்ளை வயித்தில, ஊசி முதுகிலயோ? இது என்ன நியாயம்?" என்று தேத்தண்ணிக் கடை கடையாகப் பிரசாரம் செய்தார். தெருவே நம்பியது. நானும் நம்பினேன்.

அந்தச் சமயம் பார்த்து என் மனைவிக்கு இரண்டு நாள் வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். முதுகு ஊசியா, மயக்கமா என்று கேட்டார். மயக்கம் என்றேன். எதுவும் சாப்பிடக் கொடுக்காதே என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும், "வெறும் வயித்தோட புள்ள பெக்க தெம்பு எங்கடா இருக்கும்?" என்று என் அக்கா முந்தானைக்குள்ளிருந்து கிண்ணத்தை எடுத்தாள். கதவுக்குக் காவல் நின்றவன் நான்.

தள்ளுவண்டியில் அவளைக் கொண்டுபோகும்போது டிரெஸர் குளோரோபாம் சீசாவோடு எதிரே வந்தார். "என்ன சாப்பிட்டவ?"

"பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல அண்ணே" என்றேன் நான்.

குனிந்தார். "சோறு. கருவாட்டுக் குழம்பு. அரை மணித்தியாலம் ஆகேல்லை." அக்கா சுவரைப் பார்த்தாள். "மயக்கத்தில இது மேல வந்து நெஞ்சுக்குள்ள இறங்கினா ஆள் முடிஞ்சுது, தம்பி."

சீசாவை ஜன்னல் விளிம்பில் வைத்தார். டாக்டரிடம் போய், இவளுக்கு முதுகு ஊசியே போடுங்கள், மயக்கம் நான் கொடுக்க மாட்டேன் என்று இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் தன் காதையே நம்பவில்லை. நான் டிரெஸரின் சட்டையைப் பிடித்தேன். "முதுகுல குத்தக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னனான். என்ர வாய்தானே, பிழை விடும். இப்ப கையை எடும்."

உள்ளே நடந்ததை மனைவிதான் பிறகு சொன்னாள். இறால் மாதிரிச் சுருண்டு படுக்கச் சொல்லி டிரெஸர் அவளைப் பிடித்துக்கொண்டாராம். ஊசி ஏறியதும் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தபடி, கருவாட்டுக் குழம்பு எப்படி வைப்பது என்று விசாரித்தாராம். அவள் புளி கரைக்கும் கட்டத்துக்கு வந்தபோது ஓர் அழுகை கேட்டது.

"யாருண்ணே அழுவுறது?"

"உம்மட பிள்ளை. கேளும்."

அவர் கையில் தூங்கிய தாய்மார் எல்லோரும் பிள்ளை அழுது ஓய்ந்த பிறகுதான் கண் விழித்திருக்கிறார்கள். முதல் அழுகையைக் கேட்ட தாயை அதுவரை அவர் அந்த அறையில் பார்த்ததே இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். "கேட்டவ. பிள்ளை அழுததைத் தாய் தன்ர காதால கேட்டவ" என்று வார்டு வார்டாகப் போய்ச் சொன்னார். ஊசியைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று பலர் நினைத்திருப்பார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"பொய் சொல்லிட்டேன் அண்ணே" என்றேன்.

"எல்லாப் புருசன்மாரும் சொல்லுறதுதான். முந்தி ஒருத்தன் சொன்னதை நம்பி மயக்கம் குடுத்தனான். அந்தப் பொம்பிளை எழும்பேல்லை." பிறகு என் முதுகில் தட்டி, "போய்ப் பாரும், உம்மட ஆள் முழிச்சிருக்கிறா" என்றார்.

போனேன். மகள் அவள் பக்கத்தில் கிடந்தாள். "அந்த அண்ணே கடைசிவரைக்கும் என் கைய விடலங்க. முதல்ல அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுங்க" என்றாள்.

வாங்கிக் கொடுத்தேன். கிளாஸை வாங்கி, குடிக்குமுன் அதையும் முகர்ந்து பார்த்தார். குடித்து முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.