ஜெபகனி வீட்டில்தான் இருக்கிறாள்

குற்றாலத்து லாட்ஜ் அறையில் உட்கார்ந்துகொண்டு, நெய்யூரில் தன் வீட்டு அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வேகிற படத்தைப் பேஸ்புக்கில் ஏற்றினாள் ஜெபகனி. 'இன்று எங்கள் வீட்டில் மரச்சீனியும் மத்திக் கறியும்' என்று ஒரு வரியும் சேர்த்தாள். படம் முந்தாநாள் எடுத்தது.

காரணம் இல்லாமல் இல்லை. போன மாதம் பக்கத்துத் தெருக் குடும்பம் ஒன்று ஊட்டியிலிருந்து படம் படமாய்ப் போட்டது. திரும்பி வந்தபோது பீரோ வாயைப் பிளந்து நின்றது. அதற்கப்புறம் சபைப் பெண்கள் சங்கத்தில் ஜெபகனி முக்கால் மணி நேரம் பேசினாள். "ஊருக்குப் போறத எவளும் வெளிய சொல்லப்பிடாது. வீட்ல இருக்க மாதிரியே காட்டணும்."

அப்படிப் பேசியவள் இப்போது கணவர் ஆபேலோடு, ஒருவரிடமும் மூச்சுவிடாமல் வந்திருக்கிறாள். தினம் ஒரு படம் போடுகிறவள் திடீரென்று நிறுத்தினால் கள்ளனுக்கு மோப்பம் பிடிக்காதா?

ஐந்தே நிமிடத்தில் பக்கத்து வீட்டு ரெஜிலா செய்தி அனுப்பினாள். "எக்கா, ஒரு கிண்ணம் கறி எடுத்து வையுங்க. இன்னா வாறேன்."

"வராண்டாம் மக்கா. எனக்குக் காய்ச்சல். படுத்திருக்கேன்" என்று ஜெபகனி பதில் அனுப்பினாள்.

"காய்ச்சலோடயா மரச்சீனி அவிச்சிய? பாவம்! சங்கத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன். கஞ்சியும் பயறும் கொண்டு வாறோம்."

"ஐயோ, இது ஒட்டுவாரொட்டி. கிட்ட யாரும் வரப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சி."

"அதுக்கென்ன, மாஸ்க் போட்டுட்டு வாறோம்."

இனி தாங்காது என்று ஜெபகனி ஐந்தருவிக்கு ஓடினாள். அங்கே ஆபேல் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கூட்டம் குறையக் காத்து நின்றார். அவரிடம் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. ரெஜிலாதான்.

"எக்கா, எவ்வளவு நேரமா பெல்லடிக்கோம்! மயங்கிக் கிடக்கியளா? இஞ்ச கிருஷ்ணமணி ஆசாரி கடப்பாரையோட நிக்காரு. கதவை ஒடச்சிரட்டா?"

புத்தம் புதுத் தேக்குக் கதவு. ஜெபகனி போனுக்குள் அலறினாள். "ஒடைக்காண்டாம்! நான் குளிச்சிக்கிட்டு நிக்கேன்!"

"காய்ச்சலுக்குக் குளியா? அதென்ன எக்கா, அப்படி ஒரு எரைச்சல்?"

ஐந்து கிளையாய்க் கொட்டுகிற அருவியை ஜெபகனி கையால் பொத்தவா முடியும்? "பைப்பு... பைப்பு ஒடஞ்சி போச்சி மக்கா."

"ஒங்க மேல எத்தனை சோதனை! பிளம்பர் ஜெஃப்ரினைக் கூட்டிட்டு நாலு மணிக்கு வாறோம். அப்பவும் தெறக்கலன்னா ஆசாரிட்ட சொல்லிர வேண்டியதுதான்."

போனை வைத்துவிட்டு ஜெபகனி கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள். கை வழுக்கியது. "வண்டிய எடுங்க!"

"ஏட்டி, தலையில இன்னும் ஒரு சொட்டுத் தண்ணி படலியே!"

"கதவு போச்சின்னா ஒங்க தலைதான் உருளும். எடுங்க!"

ஸ்டீயரிங் வழுக்க வழுக்க ஆபேல் மூன்றரை மணி நேரம் ஓட்டினார். ஆரல்வாய்மொழிக் காற்றில் பறந்த புழுதி முழுக்க அவர் மேல் ஒட்டிக்கொண்டது. காரை ஆலயத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, இருவரும் புறவாசல் வழியாகப் பூனைபோல நுழைந்தார்கள். ஜெபகனி தலையில் துண்டைக் கட்டி, போர்வைக்குள் புகுந்தாள். ஒரு முனகல் முனகிப் பார்ப்பதற்குள் வாசலில் மணி அடித்தது.

மாஸ்க் போட்ட எட்டுப் பெண்கள் கஞ்சித் தூக்குகளோடு கட்டிலைச் சூழ்ந்து நின்றார்கள்.

"அண்ணன் ஏன் இப்படி மினுங்குகாரு?" என்று கேட்டாள் ரெஜிலா.

"எனக்க காய்ச்சல் அவருக்கும் ஒட்டிட்டு. எண்ணெய் வைத்தியம்" என்று ஜெபகனி முனகினாள்.

எட்டுப் பேரின் தோள்களும் குலுங்கின. தனக்காக அழுகிறார்கள் என்று நினைத்ததும் ஜெபகனிக்குக் கண் கலங்கியது. எத்தனை நல்ல ஜனங்கள்! இவர்களிடமா இத்தனை பொய் சொன்னோம்?

குளியலறைக்குப் போன ஜெஃப்ரின் ஈரமில்லாத கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"இஞ்ச உள்ள பைப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாமி. ஒடஞ்சது குற்றாலத்து பைப்பா இருக்கும். மரச்சீனி படத்துல ஒங்க பேருக்குப் பக்கத்துலயே 'குற்றாலத்தில் இருக்கிறார்'ன்னு காட்டுதே!"