எரிசாராயத்தில் செம்பு

மூன்றாவது முறையும் திரையில் அந்த மலை எழுந்து நின்றது.

வண்டிக்கு எரிபொருளாக ஊற்றும் எரிசாராயத்துக்குள் மின்முனையை இறக்கி, அதில் ஒட்டும் உலோகத்தை உரித்து அளக்கும் கருவி அது. கோடு தட்டையாகப் போனால் சுத்தம். மலை எழுந்தால் செம்பு. அது வண்டி இன்ஜினின் உள்பாகங்களை அரித்துவிடும். "இன்னைக்கு லாரி நல்லபடியா கிளம்பினாதான் உனக்கு வேலை நிரந்தரம்" என்று ஆலை முதலாளி அல்டமிரோ சொல்லியிருந்தார். பிரேசிலின் ஜூன் மாதக் குளிரில், மூக்கடைத்த ஜலதோஷத்தோடு, ஆலையின் சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த எவரிஸ்டோவுக்கு வியர்த்தது.

ஜன்னல் மேடையில் இருந்த மாதிரி பாட்டிலை மறுபடி எடுத்தான். கண்ணாடிக் கிண்ணத்தை அமிலத்தில் கழுவினான். மலை அசையவில்லை. மின்முனையை இன்னும் கொஞ்ச நேரம் ஊற வைத்தான். மலை திரையின் கூரையை இடித்தது.

அல்டமிரோ எட்டிப் பார்த்தார். "என்னடா இது?"

"செம்பு, முதலாளி."

"என் ஆலையிலயா? குழாய்ல இருக்கிற பித்தளைதான் காரணம். கழட்டுங்கடா எல்லாத்தையும்!"

கழற்றினார்கள். தொட்டியில் எரிசாராயம் இருந்தது யாருக்கும் நினைவில்லை. முற்றம் குளமானது. அதில் நீந்தி எழுந்த வாத்துகள் அன்று முழுக்கப் பின்பக்கமாகவே நடந்தன.

எவரிஸ்டோ ஜன்னல் பாட்டிலிலிருந்தே மறுபடி அளந்தான். அதே மலை.

"போச்சு!" முதலாளி ஆட்களையெல்லாம் கூட்டிவைத்துக் கத்தினார். "இந்தக் கருமத்தை வண்டிக்கு ஊத்தினா இன்ஜினே செத்துடும். எவன்டா காய்ச்சினான் இதை? அவனை இப்பவே வெளிய தள்ளுங்க!"

எவரிஸ்டோ தன் காபிக் கோப்பையைப் பைக்குள் வைத்துக்கொண்டான். எப்படியும் தள்ளப்படப் போகிறவன், கோப்பையாவது மிஞ்சட்டும்.

அப்போது லாரி ஓட்டும் ஜுல்மிரா, வாயில் சோளக் கேக்கோடு, கையில் அதேபோல் இன்னொரு பாட்டிலோடு உள்ளே வந்தாள்.

"மன்னிச்சுக்கோண்ணே, காபி குடிச்சுக்கிட்டே பேசினதுல, தொட்டியில பிடிச்ச மாதிரியைக் குடுக்க மறந்துட்டேன். வண்டியிலயே கிடந்துச்சு."

"அப்ப ஜன்னல்ல இருந்தது?" என்றான் எவரிஸ்டோ.

ஜுல்மிரா அதை எடுத்து முகர்ந்து, முதலாளியைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"இதுவா? ராத்திரி திருவிழா நெருப்பைச் சுத்தி உக்காந்து நாங்க குடிக்கணும்னு, வருஷா வருஷம் வீட்டுச் செப்புப் பானையில நீங்களே காய்ச்சி வைப்பீங்களே, அதுதான் முதலாளி!"