நான் சபையில் தூக்கிக் காட்டிய லேகியப் போத்தல்

சபையில் எழும்பிக் கதைக்க வேண்டும் என்ற ஆசை, கொப்புளிப்பான் வருத்தம் மாதிரி, சின்ன வயதிலேயே வந்து போய்விட வேண்டும். வயது போனபின் வந்தால் ஆளைக் கவிழ்த்துவிடும். எனக்கு எழுபதை எட்டிப் பிடிக்கிற நேரத்தில் வந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பேப்பரை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஒரு செய்தி முடிய தேத்தண்ணி ஆறிவிடும். ஆனால் வாசித்ததை மறக்கமாட்டேன். (ஊரில் எனக்குச் சில எதிரிகள் இருப்பதற்கும் அதுதான் காரணம்.) அன்றைக்கு வாசித்தது இது: மருந்துக்காகக் கஞ்சா வளர்க்க அரசாங்கம் இடம் கொடுக்கப் போகிறதாம். மயிலிட்டிக் கடற்கரைப் பக்கம் கஞ்சாவைப் பொதி பொதியாகப் பிடிக்கிறார்கள் என்று அதற்கு முதல் கிழமைதான் வாசித்திருந்தேன். ஒரு கையால் பிடுங்கி மறுகையால் நடுகிறார்களா?

நான் கலியாணம் கட்டாதவள்; தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். தம்பியின் ஒரே மகன் கபிலனுக்கு அப்போது பதினேழு வயது. இரவுச் சாப்பாட்டில் இந்தச் செய்தியை எடுத்துவிட்டேன்.

"அது மருந்துக்குத்தானே மாமி," என்றான் அவன், புட்டைக் குழைத்தபடி. "வேறை நாடுகளிலையும் உப்பிடிச் சட்டம் இருக்கு. அதுக்காகப் பெடியள் எல்லாம் கெட்டுப் போகேல்லை."

நான் புட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"உனக்கு ஆரடா உதெல்லாம் சொல்லித் தந்தது?"

"வாசிகசாலை ஆண்டு விழாவிலை விவாதம் மாமி. மருந்தெண்டு கஞ்சாவுக்கு இடம் குடுத்தால் இளம் பெடியள் கெடுவினமோ எண்டு. நான் கெடமாட்டினம் எண்ட பக்கம்."

"ஏன், மற்றப் பக்கத்திலை இடம் இல்லையோ?"

"சீட்டுக் குலுக்கி விழுந்தது மாமி!"

சீட்டு விழுந்தது என்று களவெடுத்தவனும் சொல்வான். அடுத்த நாளே அவன் பையைக் கொட்டிப் பார்த்தேன். பந்து விளையாடிவிட்டுக் கழற்றிப் போட்ட வேர்வைச் சேட்டை மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். (அந்த மணத்துக்குக் கஞ்சா எவ்வளவோ மேல்.) ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாததே எனக்குப் பெரிய சாட்சியாகப் பட்டது. கெட்டிக்காரன் அல்லவா, ஒளித்திருப்பான்!

"இவனைக் கொழும்பிலை உன்ரை மச்சானிட்டை அனுப்பு," என்று தம்பியிடம் சொன்னேன். "கூட்டாளியளை விட்டுப் பிரிச்சால்தான் பெடியன் தப்புவான்."

என் சொல்லைத் தம்பி தட்டுவதில்லை. "விவாதம் முடியட்டும் அக்கா. அதைக் கேட்டிட்டு ஒரு முடிவெடுப்பம்," என்றான். கபிலனின் முகம் கறுத்தது. பள்ளிக்கூடம், பந்து, கூட்டாளிமார் எல்லாம் அவனுக்கு இங்கேதான். நான் இளகவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தவளுக்கு முகம் பார்க்க ஏலாது.

இந்த இடத்தில் என் முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடமாக உளைவு. இரவில் கண் மூடவிடாது. மருதனார்மடத்தில் ஒரு சித்த வைத்தியர் லேகியம் கிண்டித் தருவார். இரவில் சுண்டைக்காய் அளவு விழுங்கினால் விடியும்வரை நித்திரை. மாதாமாதம் கபிலன்தான் சைக்கிளில் போய் வாங்கி வருவான். போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிவிடுவேன். மருந்து மருந்து இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

விழாவன்று, தேவைப்பட்டால் காட்டலாம் என்று லேகியப் போத்தலையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு முன்வரிசையில் போய் இருந்தேன். நடுவர் ஆரென்று பார்த்தால் எங்கள் வைத்தியர்! எனக்குப் பாதி வெற்றி கிடைத்த மாதிரி இருந்தது. கபிலன் நன்றாகத்தான் பேசினான். நெஞ்சு குளிரப் பார்த்தது, விடாமல் பிடித்துக்கொண்டேன்.

தீர்ப்புக்கு முன்னம் வைத்தியர் வழக்கப்படி கேட்டார்: "சபையிலை இருந்து ஆராவது ஒரு வார்த்தை சொல்ல விரும்பினால் சொல்லலாம்."

நான் எழும்பினேன்.

"மாமி, இருங்கோ மாமி," என்றான் கபிலன் மேடையில் இருந்து. கண்ணாலும் ஏதோ சைகை காட்டினான். பயந்துவிட்டான் என்று எனக்கு இன்னும் உறுதி வந்தது.

"மருந்தெண்டு முன்வாசலைத் திறந்தால், பெடியள் பின்வாசலாலை வருவாங்கள்," என்றேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலோடு நான் இருந்திருக்கலாம். இருந்தேனா? "நல்ல மருந்துக்கு உந்தச் சாமான் தேவையே இல்லை! எங்கடை வளவுக்கை கஞ்சா ஒருநாளும் கால் வைச்சதில்லை. இந்தா, நான் பல வருசமாய்த் தின்னுற மருந்து!" என்று கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து, சூரன்போரில் முருகன் வேலைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டினேன். "இதைத் தாறவர் உந்தா, நடுவராய் இருக்கிறார்!"

வைத்தியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

எங்கள் பக்கம், அதாவது கெடுவார்கள் என்று பேசிய ஒரு கெட்டிக்காரப் பிள்ளை துள்ளி எழும்பியது. "அம்மாவின்ரை மருந்திலை என்னென்ன சேருதெண்டு நடுவர் ஐயா சொன்னால் எங்கடை அணிக்கு உதவியாய் இருக்கும்."

"சுக்கு... மிளகு... திப்பிலி... நெய்..." என்றார் வைத்தியர்.

"வேறை?" என்று பின்னாலிருந்து ஒருவன்.

"சுத்தி செய்த கஞ்சா இலையும் கொஞ்சம். அனுமதி எடுத்து, சட்டப்படிதான் சேர்க்கிறனான்." பிறகு என்னைப் பார்த்து மெல்ல, "முதல் நாளே உங்களுக்குச் சொன்னனான் அம்மா," என்றார்.

சொல்லியிருப்பார். அன்று நான் அவருக்கு என் முழங்காலின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் திறந்ததே எனக்கு நினைவில்லை.

சபை சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. போத்தல் இன்னும் என் கையில் உயரத்தில் நின்றது. இறக்க மறந்துவிட்டேன்.

கபிலனுக்குக் கடைசிப் பேச்சு மிச்சம் இருந்தது. "மாமிக்கு வெக்கமாய் இருக்கும் எண்டுதான் இதைச் சொல்லாமல் இருந்தனான். சொல்லுப்பட்டுப் போச்சு. இந்த மருந்து எங்கடை அலுமாரியிலை எத்தினையோ வருசமாய் இருக்கு. வாங்கி வாறவன் நான். நான் கெட்டனோ? மாமியின்ரை முழங்கால் மருந்தைத் திண்டு கெட எந்தப் பெடியனுக்கு ஆசை வரும்?"

அவன் அணி வென்றது. தம்பி சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்தான். கொழும்புக் கதை அந்த இடத்திலேயே முடிந்தது.

நான் தோற்றேனே தவிர விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கபிலனைக் குசினிக்குள் மறித்தேன். "அது அலுமாரியிலை இருந்தும் நீ கெடாததுக்குக் காரணம் உன்ரை வாய்ப்பேச்சு இல்லை, என்ரை பூட்டு. மருந்துக்குச் சட்டம் இருக்கட்டும். சட்டத்துக்கு ஒரு திறப்பும் இருக்கோணும்."

அவன் தலையைச் சொறிந்தான். "மாமி... ஒருக்கா விரலாலை தொட்டு நக்கினனான். சரியான கசப்பு. துப்பிப்போட்டன்."

"பூட்டியிருந்ததேடா!"

"வாங்கி வாற வழியிலை, சைக்கிளிலை."

பூட்டு வீட்டில் இருந்தது. பொருள் மருதனார்மடத்தில் இருந்து சைக்கிளில் வந்தது. இதை எந்த அணியும் பேசவில்லை. (இதை எழுதலாமோ என்று அண்மையில் அவனைக் கேட்டேன். "போத்தல் தூக்கினதையும் எழுதினால் எழுதுங்கோ" என்றான். எழுதிவிட்டேன்.)

ரோசத்தில் லேகியத்தை விட்டுப் பார்த்தேன். முழங்கால் ரோசம் அறியாதது. திரும்பவும் தொடங்கினேன். ஆனால் அன்றிலிருந்து பெடியனை அனுப்புவதில்லை. மாதாமாதம் நானே ஓட்டோ பிடித்துப் போகிறேன். கபிலன் இப்போது வேலைக்குப் போகிறான், நான் சீலை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டாலே, "மாமி கடத்தலுக்கு வெளிக்கிட்டிட்டா!" என்று வீடு முழுக்கக் கேட்கச் சொல்வான். சந்தியில் ஓட்டோக்காரப் பெடியள் வேறு:

"என்ன மாமி, சரக்கெடுக்கவோ?"

"ஓம், சட்டப்படி," என்று சொல்லிவிட்டு ஏறுவேன். வரும் வழி முழுக்கப் போத்தலை மடியில் வைத்து, மூடியின் மேல் உள்ளங்கையை அழுத்தியே வைத்திருப்பேன்.